பெயரில்லாத கனவளவு

ஒரு பொருள் இல்லாமற் போனால் அதைப் பங்கிடுவதற்கு ஒரு கந்தோர் திறப்பது நாகரிகமடைந்த அரசாங்கங்களின் வழக்கம். பொருள் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் கந்தோர் தேவைப்படாது. கடைக்குப் போனால் போதும். எண்பத்தேழாம் ஆண்டு தை மாதத்தில், யாழ்ப்பாணத்துக்கு வரவேண்டிய எரிபொருள் ஆனையிறவு இராணுவ முகாமுக்கு அப்பால் நின்றுவிட்டது. மாசி மாதத்தில் பட்டினத்தில் 'மண்ணெண்ணெய்ப் பங்கீட்டு ஒருங்கிணைப்புப் பணிமனை' கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. இடையில் ஏற்பட்ட தாமதத்துக்குக் காரணம், பெயர்ப்பலகை எழுதுகிறவருக்குக் காய்ச்சல்.

இணுவில் இரத்தினம்மாவுக்கு அரசாங்கங்களின் வழக்கம் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செம்மண்ணில் நெஞ்சுயரம் வளர்ந்து நின்ற தன் புகையிலைதான். நட்டு, புழுப் பிடுங்கி, குருத்துக் கிள்ளி, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்துவிட்டாள். இனிக் கடைசி இறைப்புகள்தான் பாக்கி. அந்தத் தண்ணீரில்தான் இலை தடிக்கும், நிறை பிடிக்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. கிணற்றடியில் இறைக்கிற மிசினும் இருந்தது. மிசினுக்குள் ஊற்ற எண்ணெய்தான் இல்லை. புருசன் செத்த பிறகு தனியாக நின்று தோட்டம் செய்கிறவள். அந்தப் புகையிலை காய்ந்தால் அந்த வருடத்துச் சீவியம் காய்ந்த மாதிரித்தான். ஆகவே விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பட்டினத்துக்குப் போய், பணிமனை வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

எண்ணெய் இல்லாமலில்லை. பணிமனையின் பின்பக்கத்தில் பீப்பாக்கள் அடுக்கிக் கிடந்தன. காற்று அடிக்கும்போது வரிசையில் நின்ற சனத்துக்கு மணம் வந்தது. மணத்துக்குப் பதிவு தேவையில்லை என்பதால் அதை எல்லாரும் தாராளமாக இழுத்தார்கள்.

பணிமனைக்கு ஒரு கொம்பியூட்டரும் வாய்த்திருந்தது. ஏதோவொரு வெளிநாடு எங்கள் கடலில் மீனைக் கணக்கெடுப்பதற்காக அனுப்பிய பொருள். கடலுக்குப் போகவே தடை வந்த பிறகு அது ஓர் அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. பணிப்பாளர் பரமலிங்கம் அதை மீட்டெடுத்து, சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, யன்னலுக்குத் திரை போட்டு, தனி அறையில் குடியிருத்தினார். அந்த அறைக்குள் சப்பாத்தோடு போகக்கூடாது. சப்பாத்து இல்லாதவர்கள் செருப்போடு போகக்கூடாது. செருப்பும் இல்லாதவர்கள் போகவே கூடாது.

அதை இயக்குவதற்குப் பத்மாசினி என்றொரு பிள்ளை நியமிக்கப்பட்டாள். கொழும்பில் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்தவள். அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் படிப்பு ஒரு தொற்றுநோய் மாதிரிப் பரவிக்கொண்டிருந்தது. "பொம்பிளை கொம்பியூட்டர் படிச்சது" என்று தரகர் சொன்னால், அது என்ன சாமான் என்று கேட்க வெட்கப்பட்டு மாப்பிள்ளை வீட்டார், "ஓம் ஓம், நல்ல விசயம்" என்பார்கள். பத்மாசினி பாவம், உண்மையிலேயே படித்திருந்தாள். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கரைச்சல் வந்தது.

அந்தக் கொம்பியூட்டருக்குக் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடம் ஒன்றும் கிடையாது. கட்டளையை எழுத்து எழுத்தாக அடித்தால் அது செய்யும். 'கட்டளை' என்ற சொல் பரமலிங்கத்தாருக்கு மெத்தப் பிடித்துவிட்டது. முப்பது வருட உத்தியோகத்தில் அவருடைய கட்டளைக்கு உடனே கீழ்ப்படிந்த முதல் சீவன் அதுதான். உடனே ஒரு சுற்றறிக்கை விட்டார். 'கட்டளை பிறப்பிக்கும் தத்துவமும் அதிகாரமும் பணிப்பாளரிடம் மாத்திரமே உறைகின்றன.' ஆகவே அவர் பின்னால் நின்று கட்டளையை வாயால் பிறப்பிப்பார். முன்னால் இருந்து பத்மாசினி அதை விரலால் அடிப்பாள். எந்தக் கட்டளை என்பதை முதலில் அவள்தான் அவருடைய காதில் சொல்லவேண்டும்.

முதல் நாள் இரத்தினம்மாவின் முறை வந்தபோது யன்னலுக்கு வெளியே நின்றுதான் பதிந்தாள்.

"பேர்?"

"இரத்தினம்மா."

"இடம்?"

"இணுவில்."

பத்மாசினி அடித்து முடித்தாள். "சரி அம்மா. இனி நீங்கள் கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிறியள்."

"அங்கை எண்ணெய் கிடைக்குமோ பிள்ளை?"

"எல்லாரையும் பதிஞ்சு முடிய, எல்லாருக்கும் ஒண்டாய்த் துண்டு அச்சடிப்பம். துண்டைக் காட்டினால் எண்ணெய்."

அதென்ன எல்லாருக்கும் ஒண்டாய் என்று கேட்டதற்கு, சுவரில் ஒட்டியிருந்த இன்னொரு சுற்றறிக்கையைக் காட்டினாள். ஒருவருக்கு முன் மற்றவர் துண்டு பெறுவது சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது என்று அதில் இருந்தது. எல்லாரும் சமமாக எண்ணெய் இல்லாமல் நின்றார்கள்.

சனம் கொண்டுவந்த விண்ணப்பக் கடதாசிகளை, அடித்து முடித்ததும் வாசலில் இருந்த கடலைக்காரனிடம் கொடுத்துவிடுவது ஏற்பாடு. பரமலிங்கத்தார் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தவர். இனிமேல் உலகத்தில் கடதாசியே இல்லாத கந்தோர்கள்தான் இருக்குமாம். அந்த உலகத்துக்கு யாழ்ப்பாணம் பிந்திப் போகக்கூடாதென்று அவர் முந்திக்கொண்டார். கரவெட்டிச் சனத்தின் விண்ணப்பத்தில் சுற்றிய கடலையை இணுவில் சனம் வாங்கித் தின்றது.

பதிவு முடிந்து துண்டு அச்சடிக்கும் நாள் வந்தது. அன்றும் இரத்தினம்மாதான் முதலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கரவெட்டித் தம்பிஐயா. வெங்காயம் செய்கிற மனிசன். வாயில் வெற்றிலையும் பேச்சில் வடமராட்சிப் பெருமையும் எப்போதும் நிறைந்திருக்கும். இராணுவ ஹெலி ஒருதரம் வந்து சுற்றியது. வரிசை கலைந்து மதிலோரம் பதுங்கியது. ஹெலி போக, எவரும் எவரையும் முந்தாமல் பழைய ஒழுங்கில் கூடியது. அந்த ஒழுங்கை மட்டும் எங்கள் சனத்திடம் எவரும் பறிக்க முடியாது.

அச்சிடும் கட்டளையைப் பிறப்பிப்பதற்காகப் பரமலிங்கத்தார் வேட்டி சால்வையோடு எழுந்தருளினார். அன்றைக்குத்தான் அவர் திரையைக் கிட்ட நின்று பார்த்தார். எல்லாம் திரை விலகிய யன்னலால் இரத்தினம்மாவுக்குத் தெரிந்தது.

"உதென்ன பிள்ளை, மேல் வரியிலை ஏதோ முறைப்பாடு சொல்லுது?"

"அது முறைப்பாடில்லை சேர். வொலியூமுக்கு லேபல் இல்லை எண்டு சொல்லுது. ஒவ்வொரு நாளும் சொல்லுறதுதான்."

"தமிழிலை சொல்லும். இது தமிழ்ச் சனத்தின்ரை கந்தோர்."

பத்மாசினி பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தை நினைத்துக்கொண்டாள். "கனவளவுக்குப் பேர் இல்லையாம் சேர்."

பரமலிங்கத்தார் கதிரையில் இருந்துவிட்டார். "கனவளவுக்கோ? போத்தலும் கலனுமாய்க் கனவளவை அளந்து குடுக்கிற கந்தோரிலை, கனவளவுக்கே பேரில்லையோ?"

"அது எண்ணெயின்ரை கனவளவில்லை சேர். உள்ளுக்கை பதிவெல்லாம் கிடக்கிற தட்டைத்தான் அப்பிடிச் சொல்லுறது. பேர் இல்லாட்டிலும் வேலை செய்யும்."

"பேர் இல்லாமல் வேலை செய்யிறதோ? அப்ப நான் என்னத்துக்கு?"

இந்தக் கேள்விக்குப் பத்மாசினியிடம் பதில் இருந்தது. நியமனம் நிரந்தரமாகாதவள் என்பதால் சொல்லவில்லை.

வெளியே நின்ற இரத்தினம்மா விஞ்ஞானம் படித்தவள் அல்ல. 'கன' என்றால் நிறைய. 'வளவு' என்றால் வீடு கட்டி, மரம் வைத்து, ஆள் குடியிருக்கிற காணி. அவள் காதில் விழுந்தது, கன வளவு கிடக்குது, ஒன்றுக்கும் காணி உறுதியில் பேரில்லை என்பதுதான். திரும்பித் தம்பிஐயாவிடம் சொன்னாள்.

"அண்ணை, உள்ளுக்கை கன வளவு கிடக்காம். ஒருதற்றை பேரும் இல்லையாம்."

தம்பிஐயா வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கினார். "பேரில்லாத வளவோ? எந்தப் பக்கம்?"

செய்தி வரிசை நீளத்துக்கும் ஓடியது. பேரில்லாத வளவு என்று கேட்டு மனம் அசையாத ஒருவன் யாழ்ப்பாணத்தில் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் பங்காளிகள் அவனை வளரவிட்டிருக்க மாட்டார்கள். எண்ணெயின் மணம் வந்துகொண்டேயிருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் இப்போது எண்ணெய்ப் பக்கம் பார்க்கவில்லை, யன்னலுக்குள்ளேயே எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே, கனவளவுக்குப் பணிப்பாளரின் பெயரைச் சூட்டுவதெனப் பணிப்பாளர் ஏகமனதாகத் தீர்மானித்தார்.

"சேர், இந்தக் கொம்பியூட்டரிலை இருக்கிறது பழைய பதிப்பு," என்றாள் பத்மாசினி. "இதிலை பேர் வைக்கிறதெண்டால் ஒரே வழிதான். தட்டை முழுக்கத் துடைச்சு, புதிசாக்கவேணும். துடைச்சு முடியத்தான் பேர் கேக்கும்."

"துடைச்சால்?"

"பதிஞ்ச சனம் எல்லாம் அழிஞ்சுபோம். புதுப் பதிப்பு வந்திருக்காம் சேர். அதிலை லேபல் எண்டு ஒரு கட்டளை இருக்காம். ஒண்டும் அழியாமல் பேர் வைக்கலாமாம். கொழும்பிலை எடுக்கலாம்."

பரமலிங்கத்தார் ஆழமாக யோசித்தார். "நல்லது. அதுக்கு எழுதுவம். அது வந்தாப்பிறகு அழியாமல் வைப்பம். வரும்வரைக்கும் அழிச்சு வைப்பம்."

"துண்டை எண்டாலும் முதல்லை அச்சடிப்பமே?"

"பேரில்லாத கனவளவிலையிருந்து வாற துண்டு சட்டப்படி செல்லாது பிள்ளை. நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

விசாரணை என்ற சொல் வந்ததும் நியாயம் எழுந்து வெளியே போய்விட்டது. பத்மாசினி காதில் சொன்னாள். பரமலிங்கத்தார் வாயால் பிறப்பித்தார். பத்மாசினி விரலால் அடித்தாள். கொம்பியூட்டர் கறுமுறு என்று கறுவிக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமக்காரர் அனைவரையும் துடைத்தது. துடைத்து முடித்துவிட்டு, மிகப் பணிவாக, என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டது. சனத்தை முதலில் அழித்துவிட்டுப் பிறகு பெரியவரின் விருப்பத்தைக் கேட்கிற அந்த முறையைப் பார்த்தால், அதைச் செய்தவர்கள் எங்கள் கந்தோர் ஒன்றில் கொஞ்சக் காலம் வேலை பழகியிருக்கவேண்டும்.

பெயருக்கு இங்கிலீசில் பதினொரு எழுத்துத்தான் இடம். பரமலிங்கம் என்பதற்குப் பன்னிரண்டு. கடைசி எழுத்தை அடிக்க அடிக்கக் கொம்பியூட்டர் 'கீ' என்று கத்தியது. உள்ளே விடமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அன்று இரத்தினம்மாவுக்குக் கிடைத்த பதில் இதுதான்:

"உங்கடை பேர் இல்லை அம்மா. திரும்பப் பதியவேணும்."

"அண்டைக்கு நீதானே பிள்ளை உள்ளுக்கை இருக்கிறன் எண்டாய்?"

"இருந்தனியள். சேரின்ரை பேர் வைக்கிறதுக்கு எல்லாரையும் எடுத்துப்போட்டம்."

"ஒரு மனிசன்ரை பேர் வைக்க ஊர்ச்சனத்தின்ரை பேர் முழுக்க எடுக்கோணுமோ?"

"ஓம் அம்மா. அதுதான் முறை."

இரத்தினம்மாவின் வாய் சும்மா இருக்கிற வாயல்ல. பரமலிங்கத்தாரின் வளவு ஆசை, அவருடைய கோத்திரம், அவர் கண்மூடினால் எந்தச் சுடலையிலே எத்தனை முழம் தேவைப்படும் என்பதெல்லாவற்றையும் வாசலில் நின்று விபரமாகச் சொன்னாள். அது காணியில்லையென்று பத்மாசினி எவ்வளவோ விளங்கப்படுத்தினாள்.

"பேரெழுதி உரிமை சொல்லுற எதுவும் காணிதான் பிள்ளை," என்று இரத்தினம்மா முடித்துவிட்டு, திரும்பப் பதிந்துவிட்டுப் போனாள். தோட்டத்தில் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

அடுத்த தரம் எல்லாம் பதிந்து முடிந்து அச்சடிக்கப் போகும்போது, திரையில் தன் பெயரைப் பார்த்துப் பெருமைப்படுவதற்காகப் பரமலிங்கத்தார் கண்ணாடியை மாட்டினார். 'பரமலிங்க' என்று கிடந்தது.

"எங்கை என்ரை கடைசி எழுத்து?"

"இடம் இல்லை சேர்."

"அந்த 'ம்' இல்லாட்டி நான் ஆர்? மாத்தறையிலை பிறந்த சிங்கள ஆளெல்லே? பரமலிங்க மாத்தையா எண்டெல்லோ சனம் கூப்பிடப் போகுது."

சனம் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தொடக்கிவைத்தது இரத்தினம்மா.

ஓர் இனத்தின் தனித்துவமே ஒரு மெய்யெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எண்ணெயைப் பற்றி யோசிக்கமுடியாது. பணிமனையில் அவசரக் கூட்டம் நடந்தது. எந்த எழுத்தை விட்டால் மானம் போகாது என்று ஆராய்ந்தார்கள். முதல் எழுத்தை விட்டால் 'அரமலிங்கம்' என்று வந்தது. அது தச்சுப் பட்டறைக்குத்தான் பொருந்தும். கடைசியில் நடுவில் நின்ற ஓர் எழுத்தைத் தியாகம் செய்து, 'பரம்லிங்கம்' என்று வைப்பதெனத் தீர்மானமானது.

"சேர், துடைக்கிறதுக்கு முன்னம் பதிவையெல்லாம் சின்னத் தட்டுகளிலை பிரதி எடுத்து வைப்பம்," என்று பத்மாசினி கெஞ்சினாள். "பேந்து திருப்பிப் போடலாம். சனம் அலையத் தேவையில்லை."

"சின்னத் தட்டுகளுக்குப் பேர் இருக்கோ?"

"இல்லை சேர்."

"அப்ப முதல்லை அதுகளுக்குப் பேர் வையும்."

சின்னத் தட்டுகளுக்கும் துடைத்துத்தான் பேர் வைக்கவேண்டும். அவற்றில் கொம்பியூட்டரை ஓட்டுகிற நிரல்கள் இருந்தன. அவையும் அழிந்து, கொழும்பிலிருந்து இன்னொரு பிரதி வந்துசேரும்வரை பணிமனை பூட்டிக் கிடந்தது. புதிய லேபல் கட்டளைக்கு எழுதிய கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தில் அனுப்பியவர் பெயர் எழுத மறந்துபோனார்களாம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று இரத்தினம்மா அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை. செத்துப்போன புருசனை நினைத்து அவள் அவ்வளவு அழுததில்லை.

பணிமனை திறந்தது. பதிந்தார்கள். பரம்லிங்கமாகிவிட்ட பணிப்பாளருக்கு அந்த வாரம்தான் சமாதான நீதவான் பதவி கிடைத்தது. குடாநாட்டில் பீரங்கிச் செல் விழாத நாள் இல்லாத காலத்தில், சமாதானத்துக்கு ஒரு நீதவானை நியமிக்கும் துணிச்சல் அரசாங்கத்துக்கு இருந்தது. பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று வரவேண்டும். வந்தால், பதினொன்றுக்குள் அடக்க, 'பரம்லிங்ஜேபி' என்றுதான் வரும்.

"வரட்டும்," என்றார் அவர்.

அதைக் கேட்ட யன்னலோரத்து இரத்தினம்மாவுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்போடேயே அறைக்குள் புகுந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பிஐயா. அவருக்குப் பின்னால் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி எல்லாம் புகுந்தது.

"ஐயா, உமக்கு ஒரு கட்டளைதான் தெரியும், துடைக்கிற கட்டளை. எங்கடை தோட்டம் காயுது. வெங்காயம் காயுது. எண்ணெய் பின்னாலை கிடந்து மணக்குது. நீர் உம்மடை வாலுக்கு எழுத்துத் தேடிக்கொண்டிருக்கிறீர். இனி உந்தத் தட்டிலை உம்மடை பேர் வரப்படாது."

சனம் ஆமோதித்தது. பரமலிங்கத்தார் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருவர் கையிலும் வெறும் எண்ணெய்க் கலன் இருந்தது. தூக்கி அடித்தால் வலிக்கக்கூடிய தகரக் கலன். முப்பது வருட உத்தியோகம் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. சனம் ஒன்றாய் நின்றால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது; அதற்கு ஓர் உரிமை கொடுத்துவிடவேண்டும்.

"மிக நியாயம்," என்றார் கைகூப்பி. "இது மக்களின் கனவளவு. இதற்கு மக்களே பெயர் சூட்டட்டும். என்ன பெயர் வைக்கலாம், சொல்லுங்கோ."

பெயரே வேண்டாம், துண்டை அடி என்று சொல்லத்தான் இரத்தினம்மா வாயெடுத்தாள். அது சத்தியம். அதற்குள் தம்பிஐயா தொண்டையைச் செருமிவிட்டார்.

"கரவெட்டி எண்டு வைக்கிறதுதான் முறை. படிச்ச சனம் உள்ள இடம்."

"அப்ப மற்ற இடங்களிலை என்ன, மாடோ இருக்குது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அது பண்டத்தரிப்புக் குரல்.

"பண்டத்தரிப்பு எண்டு வைக்கலாமே," என்றது அதே குரல். பத்மாசினி விரல் மடித்து எண்ணினாள். பதின்மூன்று எழுத்து. பதினொன்றோடு நிறுத்தினால் 'பண்டத்தரிப்' என்று அந்தரத்தில் நிற்கும். பண்டத்தரிப்பார் தலைகுனிந்தார்கள். ஊரின் நீளம் ஊருக்கே வினையாகுமென்று அவர்களுடைய மூதாதையர் நினைத்திருக்கவில்லை.

"அப்ப கரவெட்டிதான்," என்றார் தம்பிஐயா. "இணுவில் சனத்துக்கு உதுகள் தேவையில்லை. அதுகள் புகையிலையைக் கட்டிக்கொண்டு கிடக்கட்டும்."

இரத்தினம்மாவுக்குக் காது சுட்டது. அவர் சொன்னதில் பிழையில்லை. அவள் கட்டிக்கொண்டு கிடக்க விரும்பியது புகையிலையைத்தான். ஆனால் அதைக் கரவெட்டியான் வாயால் கேட்க அவளால் முடியவில்லை.

"பிள்ளை, இணுவில் எண்டு போடு," என்றாள்.

கை உயர்த்திக் கணக்கெடுத்தார்கள். தங்களுக்குக் கிடைக்காதது வடமராட்சிக்குக் கிடைக்கக்கூடாதென்று பண்டத்தரிப்பார் முழுப்பேரும் இணுவிலுக்குக் கை தூக்கினார்கள். பத்மாசினி துடைக்கிற கட்டளையைச் சொன்னாள். இந்தத் தரம் அதைப் பிறப்பித்தது பரமலிங்கத்தார் அல்ல. அவர் ஒரு மூலையில் ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பிறப்பித்தது இரத்தினம்மா.

திரும்பப் பதிந்தார்கள். ஒருவரும் இந்தத் தரம் முணுமுணுக்கவில்லை. பணிப்பாளர் அழித்தால் அநியாயம். தாங்களே அழித்தால் அது உரிமை. இரத்தினம்மாவின் தோட்டத்தில் இலைகள் மத்தியான வெயிலுக்குத் தொங்கி, பொழுதுபட்டாலும் நிமிராமல் கிடந்தன. இன்றைக்கு இறைத்தால் பாதியாவது தப்பும், இனி ஒருநாளும் தாங்காது என்று அவளுக்குக் கை வைத்துப் பார்க்காமலே தெரியும். அச்சடிக்கிற நாளன்று அதைப் பத்மாசினியிடம் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். இப்போது அவள் செருப்போடு உள்ளே வரலாம்; அது இணுவிலின் கனவளவு.

"எல்லாம் சரி அம்மா," என்றாள் பத்மாசினி. அவளுக்கே சந்தோசம். "கட்டளை அடிச்சாச்சு. இந்த விசையைத் தட்டினால் துண்டு வரும். மத்தியானத்துக்குள்ளை எண்ணெயோடை வீட்டை போயிடுவியள்."

தம்பிஐயா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியும், படித்த ஊர்.

"இணுவிலுக்கு ஆறெழுத்துத்தானே?"

"ஓம்."

"பதினொண்டிலை ஆறு போக அஞ்சு இடம் வெறுமையாய்க் கிடக்கு. சும்மா கிடக்கிற இடந்தானே. கரவெட்டியிலை முன் அஞ்செழுத்தை அதுக்குள்ளை போடலாம். பிரச்சினையில்லாமல் ரெண்டு ஊரும் இருக்கலாம்."

அவர் நல்லதைத்தான் சொன்னார். இரத்தினம்மாவின் முகம் மாறிவிட்டது.

"வெறுமையாய்க் கிடந்தால்? அது எங்கடை வளவு. எங்கடை பேருக்குப் பின்னாலை கிடக்கிறது."

"அடையாளம் ஒண்டையும் காணேல்லையே தங்கச்சி. எல்லை போடாத இடத்துக்கை ஆரும் வரலாம்."

இந்த ஒரு வசனத்துக்காக யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் மூன்று தலைமுறை செலவழிந்திருக்கிறது. இரத்தினம்மாவின் தகப்பனும் அதில் ஒரு பங்கைச் செலவழித்தவர்தான்.

"பிள்ளை," என்றாள் பத்மாசினியைப் பார்த்து. "அந்த அஞ்சு இடத்திலையும் ஏதும் ஊண்டலாமோ? வேலிக் கதியால் மாதிரி?"

"கோடு போடலாம் அம்மா. இணுவில் எண்டு அடிச்சு, பின்னாலை அஞ்சு கோடு. ஆனால் அதுகும் பேர் மாத்தினதாய்த்தான் கணக்கு. திரும்பத் துடைக்கவேணும். எல்லாம் அழியும். இண்டைக்கு எண்ணெய் இல்லை." அவளுடைய விரல் அச்சிடும் விசைக்கு மேலேயே நின்றது. "தட்டட்டோ அம்மா? ஒரு தட்டுத்தான். துண்டு வந்திடும். வேலியைப் பேந்து பார்ப்பம்."

"பேந்தோ? பேந்து எண்டு விட்ட வேலி இண்டைவரைக்கும் ஆருக்கு வந்திருக்கு?"

வரிசையில் நின்ற சனம், காய்கிற தோட்டத்துச் சனம், எண்ணெய் மணத்தை இழுத்து இழுத்து வாழ்கிற சனம், ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. மூலையிலிருந்த பரமலிங்கத்தார் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதல்தரமாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

"முதல்லை வேலியை அடை பிள்ளை," என்றாள் இரத்தினம்மா.

அன்று பின்னேரம் வெறும் கலனோடு இணுவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தோட்டத்துக்குப் போனாள். இலைகள் சுருண்டு தண்டோடு ஒட்டிக் கிடந்தன. கையால் பிடிக்க நொறுங்கின. பக்கத்துத் தோட்டத்தில் அதேமாதிரிச் சுருண்ட புகையிலைக்கு நடுவில் மீனாம்பிகை நின்றாள். அவளும் பதிந்துவிட்டு, இரத்தினம்மாவை நம்பி வீட்டிலிருந்தவள்.

"ரத்தினக்கா, எண்ணெய் கிடைச்சுதே?"

"எங்கத்தை எண்ணெய்."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரம்?"

இரத்தினம்மா வேலி அடைத்த கதையைச் சொன்னாள். மீனாம்பிகை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள். நொறுங்கிய இலையைக் காலால் ஒதுக்கினாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கரவெட்டிப் பக்கத்தாலை ஆள் பூருற பொட்டு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை. அஞ்சும் நெருக்கமாய்ப் போட்டாச்சு."

"அது காணும்," என்றாள் மீனாம்பிகை, மனம் ஆறி.